எலிக்குக் குணமாயிற்று, எங்களுக்கு எப்போது? – பார்கின்சன் நோயும் மரபணு மாற்றிய சுண்டெலிகளும்

பார்கின்சன் நோய்க்கு எங்கள் பிரிவில் தொடர்ந்து மருந்து பெற்றுவரும் பெரியவர்களின் பிள்ளைகள், கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. செய்தியின் சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். ஏதோ ஒரு நாட்டில் எலிகளுக்குப் பார்கின்சன் நோயை உண்டாக்கி, ஒரு புதிய மருந்தையோ மூலிகைச் சாற்றையோ கொடுத்தார்கள்; எலிகள் பழையபடி ஓடத் தொடங்கின. அதைப் படித்தவர்கள் எங்களிடம் கேட்பவை இரண்டு. "அந்த மருந்து நமக்கு எப்போது வரும்?" என்பது ஒன்று. "அந்த மூலிகையை வாங்கிக் கொடுத்துவிட்டு இந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்பது மற்றொன்று.

முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது கேள்வி ஆபத்தானது. லெவோடோபா மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடுங்காய்ச்சலும் நினைவுத் தடுமாற்றமும் ஏற்பட்டு, உயிருக்கே இடர் நேரலாம். இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டுமானால், செய்தியில் வரும் அந்த எலி எப்படிப்பட்ட எலி என்பதை முதலில் விளக்கியாக வேண்டும். நம் வயல்வரப்பில் வளை தோண்டும் எலி அன்று அது. வீட்டு அரிசிப் பானையைச் சுற்றிவரும் சுண்டெலியின் இனம். ஆய்வகத்திலேயே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. நம் மரபு மருத்துவத்தில் நடுக்குவாதம், கம்பவாதம் என்று வழங்குவது இதனை ஒத்த நோயே. நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அதனைக் கருந்திட்டு என்போம். அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளை உருவாக்குகின்றன. கை வீசி நடப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது, எழுத்துச் சிறுத்துப் போகாமல் கையொப்பமிடுவது ஆகிய அனைத்துக்கும் அந்த டோபமின் துணை வேண்டும். அச்செல்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மடிகின்றன. கை நடுங்கத் தொடங்கும் நாளில் அவற்றின் கணிசமான பகுதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். எஞ்சிய செல்கள் பலவற்றின் உள்ளே புரதம் திரண்டு உருண்டையாகக் கிடக்கும். 1912-ஆம் ஆண்டில் இவற்றை முதலில் விவரித்தவர் பிரடெரிக் லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர். எனவே லூயி உருண்டைகள் எனப்படுகின்றன.

இன்று நாம் தரும் மாத்திரை, குறைந்துபோன டோபமினை ஈடுசெய்கிறது. செல்கள் மடிவதை அது நிறுத்துவதில்லை. நிறுத்தும் மருந்து உலகில் எங்கும் இன்னும் இல்லை. அதைத் தேடுவதற்குத்தான் சுண்டெலி.

விலங்குகளிடமிருந்து வந்த மாத்திரை

எலி ஆய்வால் என்ன பயன் என்று கேட்போருக்கு, அவர்கள் பையில் இருக்கும் மாத்திரையையே முதல் விடையாகச் சொல்லலாம். அதன் கதையில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு வருகின்றன. ஒன்று பூனைக்காலி. 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு அறிவியலாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அது பார்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று அன்று உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை.

மற்றொன்று சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்னும் பொருளை, ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கும் சுண்டெலிகளுக்கும் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் லெவோடோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. இது 1957-இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், பார்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபாவை வாய்வழியே படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்கள் நடப்பதைக் கண்டார். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. முயல் எழுந்து நடந்ததற்கும் மனிதர் எழுந்து நடந்ததற்கும் இடையே பத்து ஆண்டுகள் சென்றன என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அதுவும், எல்லாம் நல்லபடியாக அமைந்த ஓர் அரிய நிகழ்வு.

ஆனால் ரெசர்பின் கொடுத்த விலங்குக்குப் பார்கின்சன் நோய் வரவில்லை. அதன் டோபமின் சில நாள் வற்றியது, அவ்வளவே, செல்கள் சாகவில்லை. செல்கள் சாகும் விலங்கு 1980-களில்தான் கிடைத்தது, அதுவும் ஒரு கொடிய தற்செயலால். 1982-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசி வழியே ஏற்றிக்கொண்ட இளையோர் சிலர் சில நாள்களுக்குள் சிலைபோல் விறைத்துப் போயினர். வில்லியம் லாங்ஸ்டன் என்னும் நரம்பியல் மருத்துவர் காரணத்தைத் தேடியபோது, அந்தப் பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் நஞ்சு கருந்திட்டுச் செல்களைக் கொன்றது தெரியவந்தது. அதே நஞ்சு சுண்டெலியின் டோபமின் செல்களையும் கொல்லும். வியப்பு என்னவெனில், சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வக எலி அதற்கு எளிதில் அசைவதில்லை. எலிக்கு எலியே இவ்வளவு வேறுபாடு என்றால், எலிக்கும் மனிதருக்கும் எவ்வளவு இருக்கும்?

இந்த நஞ்சூட்டிய சுண்டெலிகள் நமக்குத் தொலைவில் இல்லை. விருத்தாசலம் வழியாகச் சென்றால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் பல ஆண்டுகளாக இவ்வகை ஆய்வுகளைச் செய்துவருகின்றனர். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிக் அமிலம், தேயிலையில் உள்ள தியாஃபிளேவின் போன்ற பொருள்கள் எம்.பி.டி.பி. ஏற்றிய சுண்டெலிகளின் நரம்புச் செல்களைக் காக்கின்றன என்று அவர்கள் கட்டுரை வெளியிட்டுள்ளனர். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய இவை பயன்படும் ஆய்வுகள். ஆனால் செய்தியாகச் சுருங்கும்போது "வல்லாரை பார்கின்சனைக் குணப்படுத்தும்" என்று ஆகிவிடுகிறது. உலகெங்கும் நடைபெறும் இவ்வகை ஆய்வுகள் பலவற்றில், காக்கும் பொருளை நஞ்சுக்கு முன்போ நஞ்சோடு சேர்த்தோ கொடுக்கின்றனர். எங்களிடம் வருபவருக்கோ செல்கள் மடியத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வெள்ளம் வருமுன் கரையை உயர்த்துவது வேறு. வயல் மூழ்கிய பின் பயிரைக் காப்பது வேறு. வல்லாரைத் துவையல் உண்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. மாத்திரைக்கு மாற்றாக அதை எண்ணுவதைத்தான் மறுக்கிறோம்.

மரபணுவை மாற்றுவது எப்படி

நஞ்சு சில நாள்களில் கொல்கிறது. மனிதருக்கு நோய் பல்லாண்டுகளில் வருகிறது. ஆகவே, நோயை உள்ளிருந்தே மெல்ல உருவாக்கும் விலங்கு வேண்டும் என்று ஆய்வாளர் கருதினர். மரபணு ஆய்வு அதற்கு வழி திறந்தது.

மரபணு என்பது, உடலில் ஒரு புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த குறிப்பு. அதில் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறலாம். 'கலம்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'களம்' ஆகிவிடுவது போல. சுண்டெலியின் கருமுட்டையில் மனிதரின் பிழையுள்ள மரபணுவைச் சேர்த்துவிடலாம். அல்லது சுண்டெலியின் சொந்த மரபணு ஒன்றைச் செயலற்றதாக்கிவிடலாம். இந்த நுட்பத்தை வகுத்த மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குறிப்பிட்ட ஓர் எழுத்தை மட்டும் திருத்துவதும் இப்போது இயலும். அப்படிப் பிறந்த குஞ்சுகளையும் அவற்றின் வழித்தோன்றல்களையும் மாதக்கணக்கில் கவனிக்கின்றனர். சுழலும் தடியின்மேல் எத்தனை நொடி விழாமல் நிற்கிறது, செங்குத்தான கோலிலிருந்து எவ்வளவு விரைவாக இறங்குகிறது, மோப்பம் பிடிக்கிறதா, மலம் ஒழுங்காகக் கழிகிறதா என்றெல்லாம் அளக்கின்றனர். இறுதியில் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துச் செல்களை எண்ணுகின்றனர். உயிரோடிருக்கும் மனிதரின் கருந்திட்டிலிருந்து அப்படி எடுத்துப் பார்க்க இயலாது என்பதை நினைவிற்கொள்க.

இத்தாலியக் குடும்பமும் எலியின் 53-ஆம் இடமும்

தென் இத்தாலியில் கொன்துர்சி என்னும் ஊரிலிருந்து வந்த ஒரு பெருங்குடும்பத்தில் தலைமுறைதோறும் பார்கின்சன் நோய் வந்தது. 1997-இல் அக்குடும்பத்திலும் கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றிலும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதத்தின் 140 கண்ணிகளில் 53-ஆம் கண்ணி மாறியிருந்தது. அலனின் இருக்க வேண்டிய இடத்தில் திரியோனின் இருந்தது. அதே ஆண்டில் லூயி உருண்டைகள் பெரும்பாலும் இப்புரதத்தால் ஆனவை என்பதும் தெரிந்தது. ஒரு குடும்பத்தின் அரிய பிழை, அனைவருக்கும் வரும் நோயின் மையத்தைக் காட்டிக்கொடுத்தது.

உடனே இந்த மரபணுவைச் சுண்டெலியில் ஏற்றினர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான சுண்டெலிகளில் புரதத் திரள்கள் தோன்றின. டோபமின் நரம்பிழைகளின் முனைகள் குறைந்தன. 2002-இல் பிலடெல்பியாவில், 53-ஆம் இடம் மாறிய மனித மரபணுவைச் சுமந்த சுண்டெலிகள் எட்டு மாதத்துக்குப் பின் கை கால் செயலிழந்து மடிந்தன. ஆனால் அவற்றின் கருந்திட்டுச் செல்கள் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டிருந்தன. சேதம் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும்தான் இருந்தது. நோயின் புரதம் இருந்தது, நோயின் இடம் இல்லை.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. சாதாரணச் சுண்டெலியின் ஆல்ஃபா சைனூக்ளினில் 53-ஆம் இடத்தில் இயற்கையாகவே திரியோனின்தான் இருக்கிறது. இத்தாலியக் குடும்பத்தை முடக்கிய எழுத்து, சுண்டெலிக்குப் பிறவி எழுத்து. அதனால் அதற்கு ஒரு கேடும் இல்லை. மரபணு ஒன்று ஓர் உயிரில் செய்வதை வைத்து மற்றோர் உயிரில் என்ன செய்யும் என்று கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியாது.

இப்படிச் சொல்வதால் அந்தச் சுண்டெலிகள் வீண் என்று பொருளாகாது. ஆய்வகங்களுக்கு விற்கப்பட்டு வந்த ஒரு கறுப்புச் சுண்டெலிக் கிளையில் ஆல்ஃபா சைனூக்ளின் மரபணுவே இல்லை என்பது 2001-இல் தற்செயலாகத் தெரியவந்தது. எவரும் கவனிக்காத அளவுக்கு அவை நலமாக இருந்திருக்கின்றன. அப்படியானால் இப்புரதத்தை மருந்தால் குறைப்பது பெருங்கேடு விளைவிக்காமல் இருக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. மனித ஆல்ஃபா சைனூக்ளினை மிகுதியாகச் சுமந்த வேறொரு கிளையில் மோப்பம் குறைந்தது, குடலியக்கமும் மந்தமாயிற்று. எங்கள் நோயாளிகள் பலர் "நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மல்லிகைப்பூ வாசம் தெரியாமல் போயிற்று, மலச்சிக்கல் தொடங்கியது" என்று சொல்வதை இது நினைவூட்டும். முன்பெல்லாம் இவற்றை முதுமையின் குறை என்று தள்ளிவிடுவார்கள். 2016-இல் இதே கிளைச் சுண்டெலிகளைக் குடல் நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்தபோது நடைக் கோளாறு குறைந்தது; பார்கின்சன் நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தியபோது கூடியது. 2019-இல் சுண்டெலியின் குடல் சுவரில் செலுத்திய கெட்ட புரதம் மூளை வரை பரவியது. அலைநரம்பை வெட்டிய சுண்டெலியிலும், தன் சொந்த ஆல்ஃபா சைனூக்ளின் இல்லாத சுண்டெலியிலும் அது பரவவில்லை. மரபணு நீக்கிய சுண்டெலி இல்லாமல் இந்த இரண்டாம் சோதனையைச் செய்திருக்கவே முடியாது.

இவ்வளவு தெளிவாகத் தோன்றிய பாதையும் மனிதரில் தடுமாறியது. ஆல்ஃபா சைனூக்ளினைப் பிடித்து அகற்றும் எதிர்ப்புரத மருந்துகள் சுண்டெலிகளில் நல்ல பலன் தந்தன. சின்பனெமாப், பிரசினெசுமாப் என்னும் அத்தகைய இரண்டு மருந்துகளைத் தொடக்கநிலை நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2022-இல் வெளியாயின. இரண்டும் எதிர்பார்த்த முதன்மைப் பலனைத் தரவில்லை. நஞ்சூட்டிய சுண்டெலிகளைக் காத்த கோஎன்சைம் கியூ10 என்னும் சத்துப்பொருள் மனிதரில் பயனில்லை என்பது 2014-இலேயே உறுதியாயிற்று. அதே பொருளை இன்றும் சிலர் மிகுந்த பணம் கொடுத்து வாங்கி உண்கின்றனர். நீரிழிவு மருந்தான எக்சனடைடு மீது பெருநம்பிக்கை இருந்தது. 2025-இல் வெளியான பெரிய ஆய்வில் அதுவும் நோயின் போக்கை மாற்றவில்லை. கைப்பேசிச் செய்திகள் முதல் பாதியைத்தான் சொல்கின்றன. இந்த இரண்டாம் பாதி யாருக்கும் பகிரப்படுவதில்லை.

நெருங்கிய உறவில் திருமணமும் பார்க்கின் மரபணுவும்

நம் பகுதிக் குடும்பங்கள் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி இது. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இளவயதிலேயே பார்கின்சன் நோய் வந்த குடும்பங்களில் 'பார்க்கின்' என்னும் மரபணுவின் பழுதைக் கண்டனர். பின்னர் டி.ஜே.1, பிங்க்1 ஆகியவை கண்டறியப்பட்டன. ஆல்ஃபா சைனூக்ளின் பழுது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே நோய் வரக்கூடும். இம்மூன்றும் அப்படியல்ல. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தவர்கள் மணந்துகொள்ளும்போது, இருவரும் அதே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம் ஊர்களில் இன்றும் அரிதன்று.

ஆகவே 40 வயதுக்கு முன் நடுக்கமோ விறைப்போ தொடங்கினால், பெற்றோர் உறவில் மணந்தவர்களா என்று நாங்கள் கேட்கிறோம். குறை கூறுவதற்காக அன்று. பார்க்கின் பழுதால் வரும் நோய் பெரும்பாலும் மெதுவாக வளரும். லெவோடோபாவுக்கு நன்றாக இணங்கும். ஆனால் மாத்திரையால் தாமாக வரும் உடலசைவுகள் விரைவில் தோன்றக்கூடும். இதை அறிந்தால் மருந்தின் அளவைக் கவனமாக வகுக்கலாம். "என் பிள்ளைக்கும் வருமா?" என்ற அச்சத்துக்கும் விடை சொல்லலாம். இவ்வகை நோயுள்ளவரின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பழுதான பிரதியைச் சுமப்பர். வாழ்க்கைத் துணையும் அதே மரபணுவில் பழுதைச் சுமப்பவராக இருந்தாலன்றி, பிள்ளைகளுக்கு இரண்டு பிரதி சேர்வதில்லை. எனவே நோய் உள்ளவர் உறவுக்குள் மணக்காதவராயின் பிள்ளைகளுக்கான அச்சம் வெகுவாகக் குறைகிறது. அறுபது வயதுக்கு மேல் நோய் தொடங்கிய பெரும்பாலோருக்குத் தனி ஒரு மரபணு காரணமாக இருப்பதில்லை; அவர்கள் மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

சரி, பார்க்கின் இல்லாத சுண்டெலிக்கு என்ன ஆயிற்று? 2003-இல் அத்தகைய சுண்டெலிகள் உருவாயின. அவற்றுக்குக் கருந்திட்டுச் செல்கள் மடியவில்லை. 2009-இல் பார்க்கின், டி.ஜே.1, பிங்க்1 ஆகிய மூன்றையும் ஒருசேர நீக்கிப் பார்த்தனர். அப்போதும் மடியவில்லை. மனிதரில் ஒன்று பழுதானாலே இளமையில் முடக்கும் மரபணுக்கள் மூன்று இல்லாமல் ஒரு சுண்டெலி முதுமை வரை வாழ்ந்தது. சுண்டெலியின் முதுமை என்பது இரண்டு ஆண்டு. மனிதருக்கு நோய் வர முப்பது, நாற்பது ஆண்டுகள் தேவைப்படுகின்றன. சுண்டெலிக்கு அவ்வளவு காலம் இல்லை என்பது ஒரு விளக்கம். பழுதைச் சரிக்கட்டும் வேறு வழிகள் அதற்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன என்பது இன்னொன்று.

2015-இல் இந்தப் புதிர் சற்று அவிழ்ந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பிழைகள் விரைந்து குவியும்படி செய்த சுண்டெலியிலிருந்து பார்க்கினையும் நீக்கினர். அப்போது டோபமின் செல்கள் மடிந்தன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைக் கழித்துக்கட்டுவது பார்க்கினின் வேலை. கழிவு சேராத இளம் சுண்டெலிக்குத் துப்புரவாளர் இல்லாதது தெரியவில்லை. கழிவு குவியும்போதுதான் தெரிகிறது. பார்க்கின், பிங்க்1 இரண்டும் ஒரே வேலையின் இரு படிகள் என்பதைச் சுண்டெலிக்கு முன்பே பழ ஈக்கள் காட்டிவிட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிவியலில் பெருமை எப்போதும் பெரிய விலங்குக்கே போவதில்லை.

நம் நாட்டு நோயாளிகளும் நம் நாட்டுச் சுண்டெலிகளும்

மேலைநாட்டுச் செய்திகளில் எல்.ஆர்.ஆர்.கே.2 என்னும் மரபணு அடிக்கடி வரும். 2004-இல் கண்டறியப்பட்ட இதன் ஒரு குறிப்பிட்ட பழுது, வட ஆப்பிரிக்கர்களிடமும் கிழக்கு ஐரோப்பிய யூத வழியினரிடமும் மிகுதி. இந்திய நோயாளிகளைச் சோதித்து 2006-இல் வெளியான ஆய்வு, அப்பழுது நம்மிடையே மிக அரிது என்று காட்டியது. இம்மரபணுவை நீக்கிய சுண்டெலிகளின் சிறுநீரகங்கள் நிறம் மாறிக் கெட்டன. அதனால் இப்புரதத்தை அடக்கும் மருந்துகளை மனிதரில் சோதிப்போர் சிறுநீரகத்தின் மீது கண் வைத்திருக்கின்றனர். குணம் தராவிட்டாலும் எச்சரிக்கை தந்த சுண்டெலி இது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் நடந்த ஆய்வு ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. ஐரோப்பியரும் இந்தியரும் கலந்த ஆங்கிலோ இந்தியரிடையே பார்கின்சன் நோய் குறைவாகக் காணப்படுகிறது என்று 2003-இல் பெங்களூரு மருத்துவர்கள் எழுதியிருந்தனர். கலப்பே காப்பாகுமா என்ற கேள்வியை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் சுண்டெலியிடம் கேட்டனர். எம்.பி.டி.பி. நஞ்சுக்கு எளிதில் இரையாகும் கறுப்பு இனத்தையும், அதைத் தாங்கும் வெள்ளை இனத்தையும் கலந்து குஞ்சு பெற்றனர். கலப்பினக் குஞ்சுகள் நஞ்சைத் தாங்கின. தனி ஒரு மரபணுவை மாற்றாமலேயே, முழு மரபுப் பின்னணியும் நோயில் பங்கு வகிக்கிறது என்பதை இது காட்டுகிறது. நம் மாட்டுப் பண்ணைகளில் கலப்பினத்தின் குணம் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

பயிர்த்தொழில் செய்வோருக்கு இன்னொன்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைச் செலுத்திய சுண்டெலிகளின் மூளையில் ஆல்ஃபா சைனூக்ளின் கூடியதாக 2002-இல் ஆய்வு வெளியானது. அதைக் கையாளும் மனிதரிடையே பார்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதாகவும் வெளிநாட்டு ஆய்வுகள் பல காட்டுகின்றன. இங்கே சுண்டெலியும் மனிதரும் ஒரே திசையைக் காட்டுவதால் நாங்கள் அதைப் பொருட்படுத்துகிறோம். கையுறையும் முகமூடியும் இன்றிக் கரும்பிலோ மக்காச்சோளத்திலோ களைக்கொல்லி தெளிக்க வேண்டாம். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்க வேண்டாம்.

உயிர்களை இவ்வாறு துன்புறுத்தலாமா என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் குழுவின் மேற்பார்வையில்தான் இவ்வாய்வுகள் நடைபெற வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கவும், வலியைத் தணிக்கவும், மாற்றுவழி இருந்தால் விலங்கைத் தவிர்க்கவும் ஆய்வாளர் கடமைப்பட்டவர். நோயாளியின் தோல் செல்லிலிருந்தே ஆய்வகத்தில் நரம்புச் செல்லை வளர்க்கும் முறை இப்போது வளர்ந்துவருகிறது. ஆயினும் நடக்கும் கால்களும் செரிக்கும் குடலும் மூப்படையும் மூளையும் ஒன்றாக உள்ள ஓர் உயிரின் இடத்தை அது இன்னும் நிரப்பவில்லை.

செய்தியைப் படிக்கும்போது

இவற்றையெல்லாம் அறிந்த பின், அடுத்த செய்தி வரும்போது சிலவற்றை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். அது எலியிலா, மனிதரிலா? எலி எனில் நஞ்சூட்டியதா, மரபணு மாற்றியதா? மருந்து நோய்க்கு முன் கொடுக்கப்பட்டதா, பின் கொடுக்கப்பட்டதா? மனிதரில் எனில் எத்தனை பேர், மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற குழுவோடு ஒப்பிட்டார்களா? விடை செய்தியில் இல்லையென்றால், அந்தச் செய்தியை எங்களிடம் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்வதில் எங்களுக்குச் சலிப்பில்லை. எந்த மரபணுச் சுண்டெலிக்கும் முழுமையான பார்கின்சன் நோய் வருவதில்லை. ஒவ்வொன்றும் நோயின் ஒரு துண்டை மட்டும் எடுத்து ஒரு கேள்வி கேட்கிறது. அதன் விடை மருந்தாவதற்கு இன்னும் பல கேள்விகள் உள்ளன. அதுவரை உங்கள் நடையைக் காப்பது கையிலுள்ள மாத்திரையே.

அந்த மாத்திரையை உணவுக்கு அரை மணி முன்பாக, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கொடுங்கள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்த்தால் அது மூளையை அடைவது குறையும். திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ செல்லும்போது இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துச் செல்லுங்கள். வாந்தியாலோ அறுவைச் சிகிச்சைக்காகவோ விழுங்க முடியாத நிலை வந்தால், தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்கு வந்து நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஜிப்மருக்கோ சென்னைக்கோ நரம்பியல் மருத்துவரைக் காணச் செல்பவர்கள் மாத்திரை உண்ணும் நேரங்களையும், கை கால் அடங்கியிருக்கும் நேரங்களையும் ஒரு வாரம் தாளில் குறித்து எடுத்துச் சென்றால் அவருக்குப் பெரிதும் உதவும்.

நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி உண்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. பொடிக்குப் பொடி அளவு மாறும் என்பதால், மாத்திரையோடு சேரும்போது அளவு மிகுந்து தலைசுற்றலும் மனக்குழப்பமும் தாமாக வரும் உடலசைவும் ஏற்படலாம். அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் பொடியின் உறையையும் எடுத்து வாருங்கள்.